நாற்பத்தோராம் பக்கம்

கைலி என்று எழுதியிருக்கிறாள், நான்கு முறை புரூப் பார்த்தும் கண்ணில் படவில்லை, எப்படிப் படும், அவளுக்கு அது இயல்பாகத்தானே தெரிந்திருக்கும், கைலி கட்டுகிற ஆள் கைலியோடுதான் வருவார்... மணிமேகலை அக்கா அந்தச் சொல்லைக் கணினித் திரையில் கறுப்பாக்கி வைத்துக்கொண்டு நாற்காலியோடு திரும்பினாள். “ஏ புள்ள பிரகதா, தேனப்பச் செட்டியாரு பேத்தி ஸ்கூலுக்குக் கைலியோடயா போனாரு? அவரு கைலி கட்டி அவுக வீட்டு ஆச்சியே பாத்திருக்காதே.” பிரகதீஸ்வரி சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தாள். கீழ ராஜ வீதிச் சந்தில் இருந்த அந்த அச்சகத்தில் மணி பதினொன்றேகால். பன்னிரண்டுக்கு மூன்றாம் பாரம் பிளேட்டுக்குப் போக வேண்டும். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை, அதற்குள் நாற்பத்தொன்று, ‘எங்கள் ஐயா’, எழுதியவர் மீனாக்ஷி, பேத்தி, சிங்கப்பூர். எழுதியவர் மீனாக்ஷி இல்லை, பிரகதீஸ்வரி. அதில் வருகிற ஐயா மீனாக்ஷியின் ஐயாவும் இல்லை. முதலாவது இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், இரண்டாவது யாருக்கும் தெரியாது. “வேட்டின்னு மாத்தவா?” மாற்றினால் என்ன, ஒரு சொல், யார் தேடப்போகிறார்கள்... “இருங்கக்கா,” என்றாள். எதற்கு இருக்கச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தேனப்பச் செட்டியாருக்கு எண்பது நிறைகிறது, வருகிற வெள்ளிக்கிழமை சதாபிஷேகம், அந்த வீடுகளில் அதற்கு ஒரு மலர் போடுவார்கள், தாம்பூலப் பையோடு ஆளுக்கொன்று. மகன், மகள், மருமகன், சம்பந்தி, பேரன், பேத்தி, தலைக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் மேலே போட்டோ. பிள்ளைகள் சென்னையிலும் டல்லஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், பேசுவார்கள், தமிழில் எழுத வராது. அதனால் செட்டியாரின் மகன் ராம்நாத் கல்லூரிக்கே வந்து தமிழ்த்துறையில் கேட்டார், எழுதுற பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று. மூன்றாம் ஆண்டில் எழுதுகிற பிள்ளை என்றால் பிரகதீஸ்வரிதான், துறையில் எல்லாரும் அவள் பக்கம் கையைக் காட்டினார்கள், அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் இப்போது மறைக்க வேண்டும். வாட்ஸாப்பில் குரல் குரலாக வந்து விழுந்தது. மருமகன் பதினொரு நிமிடம் பேசினார், அதில் மாமனார் இரண்டே இடத்தில் வந்தார். டல்லஸ் பேரன் சாப்பிட்டுக்கொண்டே பேசினான். அவள் அதையெல்லாம் கேட்டு, ஆளுக்கேற்ற மாதிரி எழுதினாள், மருமகனுக்குக் கொஞ்சம் நீட்டி, மகளுக்குக் குரல் தழுதழுக்க, சம்பந்திக்கு மரியாதையாக. ஆலமரம் என்று எவர் பக்கத்திலும் வரக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம். பதினாறு பேரை முடித்த பிறகு மீனாக்ஷியின் குரல் வந்தது, பதினான்கு விநாடி. “அக்கா, ஐயா ரொம்ப ஸ்வீட். நான் அஞ்சாவது வரைக்கும் ஊர்ல ஐயா வீட்டுலதான் இருந்தேன். வேற ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா. நீங்களே நல்லதா ஏதாச்சும் போட்டுருங்க, ப்ளீஸ்.” பதினான்கு விநாடியை வைத்து ஒரு பக்கம் எப்படி நிரப்புவது, ஏற்கனவே பதினாறு பேர் அந்த மனிதரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், கொடை சொல்லியாகிவிட்டது, கண்டிப்பு சொல்லியாகிவிட்டது, கோயில் திருப்பணி மூன்று பேரிடம் வந்துவிட்டது... புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற பஸ்ஸில், நமணசமுத்திரம் தாண்டுவதற்குள், போனில் எழுதினாள். யோசிக்கவே இல்லை. வந்தது.

இதுதான் வந்தது: ‘ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் பாட்டு ஒப்பிக்க மேடை ஏறினேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். ஐந்தாவது வரவில்லை. மைக் மட்டும் உய்ங் என்றது. எல்லாருக்கும் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கைலியோடு நின்றிருந்த ஐயா கை தட்டினார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் தட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வரும் வழியில் ஐயா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பசிக்குதா என்று மட்டும் கேட்டார்.’ பிறகு பக்கம் நிரம்புவதற்காகப் பொதுவாக நாலு நல்ல வரி. அவ்வளவுதான். எழுதி முடித்து, அப்பா என்று இருந்த இடத்திலெல்லாம் ஐயா என்று மாற்றினாள். அதுதான் அவள் செய்த ஒரே வேலை. மீனாக்ஷி இரண்டு இதயப் படம் அனுப்பி, “எனக்கே இப்ப ஞாபகம் வந்துருச்சுக்கா,” என்றாள். அது எப்படி வரும்? நீலக் கட்டம் போட்ட கைலி, முழங்காலுக்குக் கீழே ஐஸ் தண்ணீர் பட்டு நனைந்தது, மீன் வாடை போக வேப்பிலை போட்டுத் துவைத்தது, அது பிரகதாவின் அப்பா ஆண்டியப்பனுடைய கைலி, ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி லோடு வண்டி ஓட்டுகிறவரின் கைலி, அது எப்படிச் சிங்கப்பூரில் இருக்கிற பெண்ணுக்கு ஞாபகம் வரும்?

“என்னடி கல்லு மாதிரி உக்காந்திருக்க? மணி ஓடுது. மேனேஜர் வந்து என் தலைய உருட்டுவாரு.” மணிமேகலை அக்கா தண்ணீர் குடித்தாள், பாட்டிலை நீட்டினாள். அவளுக்கு இருபது வருட டிடிபி, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் பார்த்தவுடனே எந்தத் தாலுகா என்று சொல்லுவாள். “அவரே ஒத்துக்கிட்டாருக்கா,” என்றாள் பிரகதா. “எதை?” “கைலியை.” ஒத்துக்கொண்டார்தான், போன வாரம், கடியாபட்டி வீட்டில். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொன்னார் ராம்நாத், அப்பாவை அவர் அப்பச்சி என்பார், அப்பச்சிக்குக் கண் சரியில்லை, கேட்கட்டும் என்று. பட்டாலை என்கிற கூடத்தில் நாற்காலியில் செட்டியார், தரையில் அவர் மனைவி முத்தாள் ஆச்சி, எதிரே பிரகதா தாள்களோடு. பதினாறு பேர் சொன்ன புகழையும் செட்டியார் பஸ் வருகிற நேரத்தைக் கேட்பதுபோலக் கேட்டார், இடையில் ஒருமுறை கண் அயர்ந்தார். பதினேழாவதில் நிமிர்ந்தார். இன்னொரு தடவை வாசிம்மா என்றார். வாசித்தாள். கைலி என்ற இடத்தில் ஆச்சி முகத்தைச் சுளித்தது, கைலியா என்றது. அவர் சொன்னார், “அவசரத்துல மாத்தாம ஓடியிருப்பேன்டி. வீட்ல கட்டியிருந்தேன்ல அப்ப.” பிறகு துண்டால் கண்ணைத் துடைத்தார். “பாத்தியா முத்தாளு, போகவே இல்ல போகவே இல்லங்கிறியே. நான் போயிருக்கேன்.” அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகளுடைய எத்தனை ஆண்டு விழாவுக்கு அவர் போகாமல் இருந்திருப்பார், எத்தனை வருடம் ஆச்சி அதைச் சொல்லிக் காட்டியிருக்கும்... அவள் தாளை மடித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஐயா, அது நீங்க இல்ல. எப்படிச் சொல்வது, யார் சொல்வார்கள், துண்டைக் கண்ணிலிருந்து எடுக்காத ஒருவரிடம்?

“அவரு ஒத்துக்கிட்டாருன்னா ஒனக்கு என்ன வந்துச்சு, வேட்டியப் போட்டுட்டு விடு,” என்று அக்கா கையை நீட்டும்போது போன் அடித்தது. ராம்நாத். அவர் எப்போதும் பேச்சை நடுவிலிருந்துதான் தொடங்குவார். “பாரம் போயிருச்சாம்மா? அப்பச்சி நேத்தும் அந்த ஸ்கூல் விசயத்தத்தான் சொல்லிக்கிட்டிருந்தாக. வர்றவுககிட்டயெல்லாம் சொல்றாக. நல்லா எழுதிட்டம்மா நீ, மீனாக்ஷி பேருல.” மீனாக்ஷி பேரில். “நான் சொன்னத யோசிச்சியா? நமக்குத் தெரிஞ்ச வீடே நூறு இருக்கு. மாசம் ரெண்டு மலருக்குக் கொறையாது. எல்லாருக்கும் எம்பது வயசு ஆகத்தான போகுது?” அவரே சிரித்தார். “நீ ஊர்லருந்தே எழுதலாம். பேரு மட்டும் வராது, அது ஒனக்குத் தெரிஞ்சதுதான். சாயங்காலம் ஒரு வார்த்த சொல்லிரு.” சரிங்க சார் என்றாள். நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை, கேட்காமலேயே வேலை தருகிறவர், பேர் வராது என்பதைக்கூட மறைக்காமல் சொல்கிறவர். அவளுக்குத்தான் அவரிடம் சம்மதம் சொல்ல வரவில்லை, மூன்று நாளாக, சென்னைப் பத்திரிகை ஒன்றின் வேலை விண்ணப்பத்தைப் பார்த்ததிலிருந்து.

வேலை கிடைக்காமலா இருக்கிறது எழுதுகிறவர்களுக்கு, யார் சொன்னது... போன மாதம்கூடத் துறையில் ஒரு கருத்தரங்கம், ‘எழுத்தும் வேலைவாய்ப்பும்’, திருச்சியிலிருந்து ஒருவர் வந்து திரையில் இருபத்தேழு வழிகள் காட்டினார். விளம்பர வாசகம், தொடர் வசனம், படங்களுக்குச் சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, செயலிகளுக்கு உள்ளடக்கம், வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணம், இப்படியே போய், இருபத்தேழாவது, பிறருக்காக எழுதுதல். கூடப் படிக்கிற ஆனந்தராஜ் எழுந்து, “சார், இதுல நீங்க எத்தனாவது?” என்று கேட்டான். அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நான் ட்ரெயினர், தம்பி,” என்றார். வகுப்பே மேசையைத் தட்டியது. அந்த ஆனந்தராஜ் இப்போதே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபிளெக்ஸ் கடைக்குப் பகுதி நேரமாக எழுதுகிறான். காலைல கண்ணீர் அஞ்சலி, மத்தியானம் காதுகுத்து, ரெண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டரு, ஃபைல் மாறாம இருந்தாச் சரி என்பான். அதே வகுப்பு இந்துமதி ஜோதிடச் செயலி ஒன்றுக்கு ராசி பலன் எழுதுகிறாள், பன்னிரண்டு ராசிக்கும் தினமும் நாலு வரி, அவளுக்கு மனசு சரியில்லாத அன்று மீன ராசிக்காரர் அத்தனை பேருக்கும் வீண் அலைச்சல். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், அல்லது அப்படித் தெரிகிறார்கள். இவளுக்கு மட்டும் என்ன. பேர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, சோற்றுக்குப் பேர் தெரியுமா... இல்லை, இது சோற்றுப் பிரச்சினை இல்லை. சோறு என்றால் ராம்நாத்துக்குச் சரி சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்பாகூட டீச்சராப் போயிரு என்றுதான் சொன்னார், தமிழ் எடுத்தபோது, வேறெதுவும் அவருக்குத் தெரியாது, டீச்சர் என்றால் நிழலில் நிற்கிற வேலை என்பார்.

விண்ணப்பம் போனில் திறந்தபடியே கிடக்கிறது. சென்னையில் ஒரு மாதப் பத்திரிகை, பயிற்சி உதவி ஆசிரியர், ஆண்டுக்கு இரண்டே பேர். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு முடிகிறது. பேர், ஊர், படிப்பு எல்லாம் முதல் நாளே நிரப்பிவிட்டாள். கடைசிக் கட்டம்தான். ‘நீங்கள் எழுதிய ஒரு படைப்பை இணைக்கவும். வேறெங்கும், வேறெந்தப் பெயரிலும் வெளிவந்ததாக இருக்கக்கூடாது.’ கீழே ஒரு உறுதிமொழி, பக்கத்தில் சதுரம், தொட்டால் டிக் விழும். மூன்று நாளாகத் தன் கோப்புகளைத் திறந்து திறந்து மூடினாள். கல்லூரி இதழில் வந்த கவிதைகள், எழுதியபோது அழுதாள், இப்போது படித்தால் வேறு யாரோ அழுத மாதிரி இருக்கிறது. பரிசு வாங்கிய கதை ஒன்று, அதில் எல்லாரும் சரியாகப் பேசுகிறார்கள், மணிமேகலை அக்கா மாதிரி ஒருவர்கூடப் பேசவில்லை. மூன்று வருடத்தில் அவள் எழுதியதில் உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்றுதான், அது நாற்பத்தோராம் பக்கத்தில், இன்னொருத்தி போட்டோவுக்குக் கீழே. தனக்கென்று உட்கார்ந்து எழுதியபோது வராதது, யாருக்கோ என்று கை போன போக்கில் எழுதியபோது வந்தது. இது என்ன நியாயம்? பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் அது எங்கும் வெளிவராது. ஐயாவை மறுபடி அப்பா ஆக்கினால் போதும். இரண்டு மணிக்குள் அனுப்பிவிடலாம். உறுதிமொழியில் டிக் போடலாம். பொய்யும் இல்லை.

“அக்கா, ஒரு பக்கத்தை எடுத்துட்டா பாரம் என்ன ஆகும்?” “ஒதைக்கும். பதினஞ்ச வச்சு மடிக்க முடியுமா? அந்த எடத்துல எதையாவது ரொப்பணும். செட்டியாரு ரேஸ் காரு முன்னாடி நிக்கிற போட்டோ ஒண்ணு கெடக்கு, முழுப் பக்கத்துக்குத் தூக்கி வச்சா முடிஞ்சுபோச்சு.” அக்கா நெற்றியைச் சுருக்கினாள். “ஏன் கேக்குற?” அவ்வளவு எளிதா. ஒரு போட்டோ. அவள் நினைத்திருந்தாள், முடியாது என்று அக்கா சொல்லிவிடுவாள், சரி முடியாதாம் என்று எழுந்து போய்விடலாம் என்று. முடியும் என்றதும் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல் வரை போனாள், எதிரே பாத்திரக் கடையில் ஒருவர் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பி வந்தாள். “அது எங்கப்பாக்கா.” “எது?” “கைதட்டுனது. நாப்பத்தொண்ணுல வர்றது. ஒண்ணும் வரலன்னு எங்கப்பாவத் தூக்கிப் போட்டுட்டேன்.” மணிமேகலை அக்கா திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “அடிப்பாவி. பெத்த அப்பனத் தூக்கிச் செட்டியாருக்குத் தத்துக் குடுத்துட்டியா?” சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “அதான பாத்தேன், கைலி எப்புடி நடந்து வந்துச்சுன்னு.” கொஞ்ச நேரம் சுட்டியை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்தினாள். “என்னையக் கேட்டா? எங்கிட்டக் கேக்காத. நான் டைப் அடிக்கிறவ. ஒங்கப்பாகிட்டக் கேளு, அவரு கைதட்டுனதுதான.” மணி பதினொன்று முப்பத்தைந்து. 

அப்பாவிடம் என்ன கேட்பது, அனுமதியா... அப்பா, உங்களை வேறு ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், திருப்பி வாங்கிக்கொள்ளட்டுமா என்றா? அவர் சிரிப்பார், என்னமோ செய்யி என்பார். சொன்னால் எடுத்துவிடலாம், அவ்வளவுதான், ஒரு சொல் வேண்டும். செட்டியார் வெள்ளிக்கிழமை பக்கத்தைத் தேடுவார். தேடட்டும். ஆச்சியிடம் வாசிக்கச் சொல்வார், ஆச்சி புரட்டும், இல்லையே என்று சொல்லும், அந்த இல்லையே எப்படி இருக்கும்... தேடட்டும், அவர் போகவே இல்லைதானே. போகாத இடத்தில் கைதட்ட முடியுமா? தட்டியது என் அப்பா. ஒரு வேலை நாளில், வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு, உள்ளே வந்து உட்காரக் கூச்சப்பட்டு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்திலேயே நின்று தட்டியது என் அப்பா. அது எங்களுடையது. எங்களிடம் என்ன இருக்கிறது வேறே, மலர் போடவா போகிறோம் அவர் எண்பதுக்கு?

“சொல்லுத்தா,” என்றார் அப்பா, ஒரே மணியில் எடுத்து. பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் இல்லை. ஜெகதாப்பட்டினத்தில் மூன்று நாளாகப் படகு கடலுக்குப் போகவில்லை, அக்கரைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போனதற்காக வேலை நிறுத்தம், மீன் இல்லை, லோடு இல்லை, வண்டியிலேயே படுத்திருக்கிறாராம். “சாப்ட்டியா? காலேஜுக்குப் போகல?” போகல, ஒரு வேலையா வந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொடங்கினாள். “அப்பா, நான் அஞ்சாப்புல ஆண்டு விழாவுக்குப் பாட்டு ஒப்பிச்சேன்ல. பாதியில மறந்துபோயி நின்னேன்ல.” “அப்புடியா?” “நீங்க பின்னாடி நின்னு கைதட்டுனீங்கள்ல.” “நானா?” உண்மையாகவே யோசிக்கிற குரல். “நான் எங்கிட்டுத்தா வந்தேன். அந்த வருசமெல்லாம் ராமேஸ்வரத்துலல்ல கெடந்தேன், தீவாளிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். நான் ஒன் பள்ளிக்கூடத்துக்குள்ள காலே வச்சதில்லயே. டிசி வாங்கக்கூட ஒங்க சித்தப்பனத்தான அனுப்புனேன்?”

வரவில்லையா... இல்லை, மறந்துவிட்டார், அவருக்கு எது ஞாபகம் இருந்தது, அவள் பிறந்த நாளையே ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் தீபாவளி ஞாபகம் இருக்கிறது. டிசி ஞாபகம் இருக்கிறது. டிசி வாங்கச் சித்தப்பாதான் வந்தார், அது அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது, சித்தப்பா கையெழுத்துப் போட்ட மேசைகூட. அப்படியானால் யார் தட்டியது? யாராவது தட்டினார்களா? மைக் உய்ங் என்றது நிச்சயம். நான்காவது வரி நிச்சயம். அதற்குப் பிறகு, ஒரு வேளை, டீச்சர் வந்து தோளைப் பிடித்துக் கீழே இறக்கியிருப்பார், நெருக்கமாக நிற்கிற புடவை, பவுடர் வாசனை, அதுவும் இருக்கிறதே எங்கோ... நனைந்த கைலி திருமயம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மழை நாளில் பார்த்தது. பசிக்குதா, அது எல்லா நாளும் கேட்பது, போனில். சைக்கிள் ஸ்டாண்டு உயர்நிலைப் பள்ளியில் இருந்தது, தொடக்கப் பள்ளியில் சைக்கிள் ஏது. ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. பஸ்ஸில் யோசிக்காமல் எழுதியதாக நினைத்தாளே, இத்தனையையும் யார் எடுத்துக் கோத்தது? எத்தனை வருடமாக அதை வைத்துக்கொண்டிருந்தாள், வந்தார் வந்தார் என்று, யாருக்காக?

“ஏந்தா,” என்றார் அப்பா. குரல் தணிந்திருந்தது. “நான் வந்தேன்னு எழுதியிருக்கியா எதுலயும்?” “ம்.” “கைதட்டுனேன்னு?” “ம்.” அந்தப் பக்கம் சத்தம் இல்லை. வண்டிக் கதவு ஒன்று திறந்தது, அல்லது மூடியது. தூரத்தில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், மறுபடியும் ஒன்றுமில்லை. “நல்லாத்தான் இருக்கு,” என்றார். “வந்திருக்க வேண்டியதுதான். லீவு கேட்டாத் தந்திருப்பான், நான்தான் கேக்கல.” அவரே தொடர்ந்தார். “இருக்கட்டும்த்தா. வந்ததாவே இருக்கட்டும்.” பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்கிறவர் மாதிரி, “அதுல எம் பேரு இருக்கா?” மணிமேகலை அக்கா சுட்டியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் மீனாக்ஷி சிரித்துக்கொண்டிருந்தாள், நல்ல பல்வரிசை. இல்லப்பா என்று சொல்லலாம், அதுதான் உண்மை, இரண்டே சொல். “இருக்குப்பா,” என்றாள். “எப்புடி, ஆண்டியப்பன்னா?” “ஆண்டியப்பன்னுதான்.” அவர் சிரித்தது கேட்டது. “அச்சடிச்சு வந்தா ஒண்ணு எடுத்து வையி. இங்கிட்டு எங்கூட வேல பாக்குற ஐயனாருகிட்டயெல்லாம் காட்டணும், எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தந்தான்.” வைக்கிறேன் என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

“எங்கடி இருக்கு?” என்றாள் மணிமேகலை அக்கா. “ஆண்டியப்பன் எங்க இருக்காரு இதுல? காட்டு, நானும் பாக்குறேன்.” கோபமா கேலியா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்தது. மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். இப்போது எடுத்தால் செட்டியார் போகாதவர் ஆகிவிடுவார், எடுத்து அனுப்பினால் அப்பா வந்தவர் ஆகிவிடுவார், இரண்டு பேருமே போகவில்லை, இரண்டு பேருமே போயிருக்க வேண்டும் என்கிறார்கள், அவளிடம் இருப்பது ஒரே ஒரு கைதட்டல், அதுவும் நடக்காதது. எல்லாவற்றையும் விட, அந்த உறுதிமொழி... நீங்கள் எழுதியது என்று டிக் போடச் சொல்கிறார்கள். எழுதியது அவள்தான், இப்போது சந்தேகமே இல்லை, நடந்திருந்தால்தான் சந்தேகம். “விட்டுருங்கக்கா,” என்றாள். “போகட்டும்.” “அப்புடியேவா?” “அப்புடியே. செட்டியாரு கேட்டுட்டாரு, அழுதுட்டாரு. அது அவருகிட்ட இருக்கட்டும்.” “ஒங்கப்பாகிட்ட அவரு பேரு இருக்குன்னு சொல்லியிருக்க.” “அவருக்கு வேற எழுதுறேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குக்கா.” அக்கா அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு, கறுப்பாக்கி வைத்த சொல்லை விடுவித்து, பாரத்தை மூடினாள். உள்ளே பிளேட்டு அறைக்கு ஆள் கூப்பிடப் போனாள்.

பிரகதீஸ்வரி வீணான தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி, எழுதாத பக்கத்தைத் திருப்பி, முழங்காலில் வைத்துக்கொண்டாள். ராம்நாத்துக்குச் சாயங்காலம் என்ன சொல்வது, தெரியாது. இரண்டு மணிக்குள் வருமா, தெரியாது, தனக்கென்று உட்கார்ந்தால்தான் எதுவும் வராதே... வராத அப்பாவைத்தான் எழுத வேண்டும், பேரோடு, இராமேஸ்வரத்தில் கிடந்த வருடத்தை, லீவு கேட்காததை. கேட்டாத் தந்திருப்பான், நான்தான் கேக்கல. அதற்கு முன்னால் அந்தச் சத்தமில்லாத நேரம். கதவு ஒன்று, தூரத்தில் கூப்பிட்ட பேர், மறுபடி ஒன்றுமில்லாதது. அது ஏழு விநாடி. கதவு மூன்றாவதில், பேர் ஐந்தாவதில். பேனாவைத் தாளில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள். ஏழு என்று எப்படித் தெரியும்? போனை அவள் பார்க்கவில்லை, சுவரில் கடிகாரமும் இல்லை. அந்தப் பக்கம் அவர் ஒன்றும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, இந்தப் பக்கம் அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.